பந்தய ஒழிப்புப் பூட்டு

குன்றத்தூரில் எங்கள் வீட்டுப் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல் ஒன்று நிற்கிறது. "பந்தய நிலையை அடியோடு ஒழித்த பண்பாளர் வசந்தகுமார்" என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். கொடுத்தது நிலம் ஈந்தோர் நல்வாழ்வுப் பதிவகம். வருடம் 1991. பார்க்கிறவர்கள் நான் ஏதோ குதிரைப் பந்தயத்தை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தவன் என்று நினைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. அதை ஏன் திருப்பி வைத்திருக்கிறேன் என்பதுதான் விஷயம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் பதிவகத்தின் மஞ்சள் கட்டடம் இருந்தது. அந்தப் பக்கம் வரப்போகும் ஒரு தொழிற்சாலைக்காக நிலம் போனவர்களின் பெயரைப் பதிந்து, வீட்டுக்கு ஒருவருக்கு அங்கே வேலை வாங்கித் தருவது அதன் கடமை. நிலத்தை யாரும் ஈயவில்லை, எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் 'ஈந்தோர்' என்று பெயர் வைத்துவிட்டால் போனது கொடுத்ததாகிவிடும் என்று யாரோ ஒரு அதிகாரி கண்டுபிடித்திருந்தார்.

பதிவேட்டை 1974-ல் வாங்கிய கணிப்பொறியில்தான் வைக்க வேண்டும் என்று ஓர் அரசாணை இருந்தது. அந்தக் கணிப்பொறி 1988-ல் செத்துப்போனது. அதன் அறையிலிருந்த ஏ.சி.யைப் பதிவகத்தின் தலைவரான தனி அலுவலரின் அறைக்கு மாற்றிய கோடையில் இது நடந்தது என்றாலும், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கோப்பில் எழுதியிருக்கிறது. அரசாணையைத் திருத்துவதென்றால் பதினொரு துறைகள் கையெழுத்துப் போட வேண்டும். அதைவிட, புதிதாக ஒரு சின்னக் கணிப்பொறி வாங்கி, அதைப் பழையதைப் போல நடிக்க வைப்பது சுலபம் என்று முடிவானது. அப்படி நடிக்க வைக்கும் புரோகிராமுக்கு எமுலேட்டர் என்று பெயர். அதை எழுத ஒப்பந்தத்தில் வந்தவன் நான். நன்றாகவே நடித்தது. பழையது எங்கெங்கே திக்கித் திணறுமோ, புதியதும் அங்கங்கே திக்கித் திணறியது.

அதற்கு இரண்டு டெர்மினல்கள், அதாவது திரையும் விசைப்பலகையும். ஒன்றில் டில்லிபாபு உட்காருவான், இன்னொன்றில் சசிரேகா. இரண்டு பேரும் ஒரே பதிவேட்டில்தான் எழுதுகிறார்கள். கடைசி எண் 411 என்று இருவரும் ஒரே நொடியில் பார்த்துவிட்டால், இருவருமே அடுத்த ஆளுக்கு 412 என்று கொடுப்பார்கள். முதலில் எழுதியவரின் பதிவு மேல் இரண்டாமவரின் பதிவு உட்கார்ந்துவிடும். முதல் ஆள் காணாமல் போவார். இதை எங்கள் தொழிலில் ரேஸ் கண்டிஷன் என்போம். இது நடக்காமலிருக்க, பழைய டிஸ்க்கைப் போல நடிக்கிற பகுதியில் நான் இரண்டு வரி எழுதியிருந்தேன். ஒரு வரி பூட்டும், ஒரு வரி திறக்கும். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார்.

ஜூலையில் திறப்பு விழா. அதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்க்க வந்தார் தனி அலுவலர் பாண்டுரங்கன். சஃபாரி சூட் போட்ட நல்ல உயரமான மனிதர்.

"சிறப்பு விருந்தினர் வந்து பட்டனை அமுக்கினதும் பதிவுச் சீட்டு வெளிய வர எவ்வளவு நேரம் ஆகுது?" என்றார்.

"ரெண்டு டெர்மினலும் ஓடினா ஒம்பது செகண்டு சார்."

"அழைப்பிதழ்ல 'கண் மூடித் திறப்பதற்குள்'னு போட்டாச்சு. கண்ணை மூடித் திறக்க ஒம்பது செகண்டு ஆகுமா? அவருக்கு என்ன வயசாயிடுச்சுன்னு சொல்ல வர்றீங்களா?"

நான் அந்த இரண்டு வரியையும் எடுத்தேன். சீட்டு இரண்டே நொடியில் வந்தது. விழா முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விழா மேடையிலேயே பாண்டுரங்கன் 'இரண்டு நொடிப் பதிவகம்' என்று அறிவித்துவிட்டார். மறுநாள் அது வாசலில் பலகையாகவே மாட்டப்பட்டது. திரும்ப ஒன்பது நொடியாக்குவதென்றால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் நான். எழுதவில்லை.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாரம் என்று பதிவு நடந்தது. ஆகஸ்டு முதல் வாரம் பிள்ளைப்பாக்கம். அடுத்த வாரமே பாஞ்சாலி வந்துவிட்டாள். பத்தாவது படித்த பெண், இருபது வயதிருக்கும். அப்பா தணிகாசலத்தின் இரண்டு ஏக்கரும் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. இனி அந்த வீட்டுக்கு இருக்கிற ஒரே வழி அவளுக்குக் கிடைக்கப்போகும் அந்த வேலைதான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பதிவுச் சீட்டு, எண் 412.

"சீட்டு என் கையில கீது சார். நம்பரும் கீது. ஆனா மெஷின்ல வேற யாரோ ஆம்பள பேரு வருதுன்றாங்க. இன்னா சார் இது?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டாள்.

பதில் என்னிடம் இருந்தது. "தனி அலுவலரப் பாருங்கம்மா" என்றேன்.

பாண்டுரங்கன் கணிப்பொறியில் பார்க்கச் சொன்னார். 412, கோபால் என்று வந்தது. அதே பிள்ளைப்பாக்கத்துக்காரர்.

"ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தான் இருக்க முடியும். எண் உங்ககிட்ட இருக்கு. ஆக, நீங்கதான் கோபால். இதுல என்ன குழப்பம்?" என்றார்.

"நான் பொம்பள சார்!"

"அதை நீங்கதான் சான்றிதழோட நிரூபிக்கணும்."

அவள் கிராம நிர்வாக அலுவலரிடம் நான்கு நாள் நடந்து, 'மேற்படி பாஞ்சாலி என்பவர் கோபால் அல்ல' என்று கோபுர முத்திரையோடு சான்றிதழ் வாங்கி வந்தாள். பதிவகம் அதைப் பரிசீலித்து, எந்தக் கோபால் அல்ல என்று குறிப்பிடப்படவில்லை எனத் திருப்பி அனுப்பியது. அவள் அசரவில்லை. அந்தக் கோபாலையே கையோடு அழைத்து வந்தாள். அவனிடமும் 412 சீட்டு இருந்தது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்த பாண்டுரங்கன், "பதிவகத்துக்கு நேரில் வருகிற கோபால்களின் எண்ணிக்கை அதிகரித்துள்ளது" என்று கோப்பில் எழுதினார்.

கோபால் அதன்பின் வரவில்லை. அவன் பெயர் கணிப்பொறியில் இருந்தது, அவன் ஏன் வரப்போகிறான்? பாஞ்சாலி மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள். என் ஜன்னலுக்கு நேரே வேப்பமரம். அதன் நிழலில்தான் நிற்பாள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். சுவரைப் பார்த்து உட்காரும் பழக்கம் அப்போது வந்தது.

இதே போல இன்னும் சிலர் வரத் தொடங்கியதும் பாண்டுரங்கன் என்னிடம் அறிக்கை கேட்டார். ஆங்கிலத்தில் எழுதினேன். ரேஸ் கண்டிஷன் இருக்கிறது, லாக் போட வேண்டும், முன்பு இருந்த லாக் நீக்கப்பட்டிருக்கிறது. 'நீக்கப்பட்டிருக்கிறது' என்றுதான் எழுதினேன். யாரால் என்று எழுதவில்லை.

அறிக்கை தமிழில்தான் கோப்பில் ஏற வேண்டும் என்பது விதி. மொழியாக்கப் பிரிவுக்குப் போனது. பிரிவு என்றால் அப்பாவு என்கிற பெரியவரும் மூன்று அகராதிகளும்.

"ரேஸுன்னா இனம்தானே தம்பி? 'கணிப்பொறியில் இன நிலை காணப்படுகிறது'ன்னு போட்டுட்டேன். மெஷினோட சாதிச் சான்றிதழ் நகல் ஒண்ணு இணைக்கணும்" என்றார்.

"இல்லங்க ஐயா, இது ஓடுற ரேஸு."

"அப்போ பந்தயம்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று கோபித்துக்கொண்டு, அடித்துவிட்டு எழுதினார். கடைசியில் வந்த வாக்கியம் இது: 'கணிப்பொறி அறையில் இரு முனைகளுக்கிடையே பந்தய நிலை நிலவுவதால், பூட்டு இடப்பட வேண்டும்.'

தப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்த வாக்கியத்தில் நான் எங்கேயும் இல்லை என்பதும் அதே பார்வையில் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள் விஜிலென்ஸ் எனப்படும் விழிப்புப் பணி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். அரசு அலுவலகத்தில் பந்தயம் நடப்பதாகத் தகவல். மேஜை டிராயர்களையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தார். குதிரைகளின் பெயர் எழுதிய தாள் ஏதும் கிடைக்கவில்லை. சசிரேகாவின் டிராயரில் இருந்த கோலப் புத்தகத்தைச் சங்கேதக் குறிப்பு என்று கைப்பற்றிக்கொண்டார். பிறகு டில்லிபாபுவைக் கூப்பிட்டார். அவன் வெள்ளந்தி, கேட்டதுமே சொல்லிவிட்டான்.

"பெட்டு கட்றதுதான் சார். யாரு முதல்ல பத்து பேர அடிக்கிறாங்களோ, அவங்களுக்கு இன்னொருத்தர் ஒரு டீ வாங்கித் தரணும். அவ்ளோதான் சார்."

"எத்தனை நாளாய் நடக்கிறது?"

"தெறப்பு விழாவுலர்ந்து சார். அதுக்கு முன்ன பெட்டு கட்ட முடியாது. ஒருத்தர் அடிச்சிகினு இருந்தா இன்னொருத்தர்து நின்னுகினு இருக்கும். விழாக்கு அப்பால இன்னாவோ ஃப்ரீயா ஆயிடிச்சி."

விசாரணை முழுக்க அந்த ஒரு பதிலில் இருந்தது. விழாவுக்குப் பிறகு என்ன மாறியது என்று அதிகாரி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் "ஃப்ரீயா என்றால், மேற்பார்வை தளர்ந்தது" என்று எழுதிக்கொண்டு, டீயில் சர்க்கரை உண்டா என்று அடுத்த கேள்விக்குப் போனார். நான் மூன்றடி தள்ளி, தொழில்நுட்ப சாட்சி என்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதிகாரி திரும்பிப் பார்த்தார். "தண்ணி வேணும்" என்றேன்.

டில்லிபாபுவைப் பதிவகத்தின் தர்மபுரிக் கிளைக்கு மாற்றினார்கள். தர்மபுரியில் இன்னும் கிளை திறக்கவில்லை. திறக்கும்வரை இங்கேயே வேலை பார்த்தபடி, அங்கே போகாமலிருப்பதற்கு வாரம் ஒருமுறை விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு.

பூட்டுக்கு ஒரு குழு போட்டார்கள். மூன்று ஊர்களிலிருந்து மாதிரி வரவழைத்து, திண்டுக்கல் பூட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். டெர்மினல் இரண்டின் விசைப்பலகைக்கும் மரப்பெட்டி செய்து, பெட்டிக்கு ஒரு பூட்டு வீதம் தொங்கவிட்டார்கள். இரண்டுக்கும் ஒரே சாவி. அந்தப் பூட்டில் ஒரு விசேஷம், திறந்திருக்கும்வரை சாவி உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். பூட்டினால்தான் கையோடு வரும். ஆகவே டில்லிபாபு ஓர் ஆளைப் பதிந்துவிட்டுத் தன் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சசிரேகாவிடம் கொடுத்து, அதற்கென்று வைத்த சாவிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால்தான் அவள் தன் பெட்டியைத் திறக்க முடியும். கூட்டம் சாலை வரை நீண்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதன்பின் ஒரு பெயர்கூடக் காணாமல் போகவில்லை. என் இரண்டு வரி என்ன செய்ய வேண்டுமோ, அதைத்தான் திண்டுக்கல் பித்தளை செய்தது. அதைவிட, விழாவுக்காக யாரும் சத்தமில்லாமல் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள முடியாதபடி கனமாக இருந்தது.

விடுமுறைக்கு முந்தின வாரமே ஆயுத பூஜை வைத்து, கணிப்பொறிக்குச் சந்தனம் தெளித்து, பூட்டுக்குச் சின்னதாக மாலை போட்டார்கள். பாண்டுரங்கன் பேசினார்.

"நண்பர்களே, இந்தப் பதிவகம் ஒரு கணிப்பொறி வாங்க மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு பூட்டு வாங்க நான்கே வாரங்கள்! வேகம் கூடிக்கொண்டே போகிறது. சிலர் கேட்கிறார்கள், பிழை இருந்ததே என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், இப்போது இருக்கிறதா? இல்லை. இப்போது இல்லாத ஒன்று அப்போது மட்டும் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? மக்கள் நம் மீது நம்பிக்கை வைத்து நிலத்தையே விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் விட்டுப் போனால் அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?"

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றால் காரணம் கேட்பார்கள்.

பூஜை பொரியோடு வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் பாஞ்சாலி. அந்த வெள்ளிக்கிழமை வேலைப் பட்டியல் தொழிற்சாலைக்குப் போகிறது. அது அவளுக்கும் தெரியும்.

"சார், வல்லக்கோட்டைக்குப் போயி முருகன்கிட்ட வேண்டிகினு வரேன். உனுக்கும் சேத்துதான் வேண்டிகினேன். இங்க எல்லாரும் தொரத்துறாங்க, நீ ஒருத்தன்தான் மூஞ்சக் காட்டாத போனாலும் கத்தாத போற" என்று விபூதிப் பொட்டலத்தை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். நேரே பாண்டுரங்கனின் அறைக்குப் போய், விழாவுக்கு முந்தின நாள் நான் எடுத்த இரண்டு வரியைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். தவறு என்னுடையது, டில்லிபாபுவுடையது அல்ல, 412-ல் இருந்திருக்க வேண்டியவள் பாஞ்சாலி, அவளைப் போல இன்னும் பலர் போயிருப்பார்கள் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த அறையின் ஏ.சி. மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"வசந்தகுமார், பிழையே நடக்கலன்னு போன வாரம் மேலிடத்துக்கு எழுதியாச்சு. நடக்காத தப்புக்கு நீங்க எப்படிப் பொறுப்பு ஏத்துக்க முடியும்? அது பொய்த் தகவல் ஆயிடும்" என்றார். பிறகு கனிவாகச் சிரித்தார். "நல்ல மனசு உங்களுக்கு. அந்த ரெண்டு வரியையும் திரும்பப் போட்டுடுங்க. உள்ள ஒரு பூட்டு, வெளிய ஒரு பூட்டு. நாளைக்கே சோதனை பண்ணி, சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுடுங்க."

எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி என் கையில் இல்லை என்று மாடிப்படி இறங்கும்போது உடம்பே லேசாக இருந்தது. அந்த லேசான உடம்பை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலை இரண்டு வரியையும் திரும்பப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சோதனைக்காகத் தனி அலுவலரிடமிருந்த மாற்றுச் சாவியையும் போட்டு, இரண்டு மரப்பெட்டிகளையும் ஒன்றாகத் திறந்து வைத்தார்கள். ஒரே நொடியில் இரண்டு டெர்மினலிலும் பதிய வேண்டும். இரண்டு பதிவும் பிழைத்தால் வெற்றி. சசிரேகா ஏதோ ஒரு சோதனைப் பெயரை அடித்தாள். டில்லிபாபு என்ன அடிக்கிறான் என்று நான் பார்க்கவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். இருவரும் தட்டினார்கள். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டும் ஏறின. பாண்டுரங்கன் கைகுலுக்கிவிட்டு, சான்றிதழை என் முன்னால் வைத்து, தொலைபேசி மணி அடித்ததும் அறைக்குப் போனார். சசிரேகா சாவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனாள்.

டில்லிபாபு திரையை என் பக்கம் திருப்பினான். பாஞ்சாலி, தகப்பனார் தணிகாசலம், பிள்ளைப்பாக்கம். ஆகஸ்டு முதல் வாரத்துத் தேதி. எல்லாம் சரியாக இருந்தது.

"தேதி நாமதானே சார் அடிக்கிறோம். இருக்கட்டும் வுடு. வெள்ளிக்கிழமை லிஸ்ட்டோட அதுவும் போயிடும். யாருக்குத் தெரியப்போவுது?" என்றான், மெதுவாக. என் தப்புக்காக மாற்றல் உத்தரவு வாங்கிக்கொண்ட பையன் அவன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சான்றிதழின் கடைசி வரி: 'சோதனைப் பதிவுகள் இரண்டும் என்னால் நீக்கப்பட்டன.' இந்த முறை 'என்னால்' இருந்தது. அப்பாவு அந்த ஒரு வார்த்தையை ஒழுங்காகப் போட்டிருந்தார்.

பிறகு யாராவது எண்ணிப் பார்த்தால்? தேதியைப் பார்த்தால்? விழாவுக்கு முந்தின நாள் வரை தோண்டினால்? சசிரேகாவின் பதிவை முதலில் அழித்தேன். அடுத்ததையும் அழிக்க அதே பட்டன்மேல் விரலை வைத்தேன்.

"சார், வேணாம் சார்" என்றான் டில்லிபாபு.

அழித்தேன். முதல் தடவை அவள் பெயர் எனக்குத் தெரியாமல் அழிந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அவன் அங்கே இல்லை. மரப்பெட்டியைப் பூட்டி, சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

வெளியே வந்தபோது பாஞ்சாலி மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். உள்ளே சோதனை நடப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மெஷினு சரியா ஆயிடிச்சா சார்?"

"ஆயிடுச்சு."

"இனிமே யாரு பேரும் போவாதா?"

"போகாது."

"அப்போ என் பேரு?"

கோப்புகளில் ஆயிரம் தடவை படித்துச் சிரித்திருக்கிறேன், அப்படி ஒரு வாக்கியத்தை. அது என் வாயிலிருந்தே வந்தது.

"ஆவன செய்யப்படும்மா."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் அவளுக்கு யாரும் இதுவரை அவ்வளவுகூடச் சொன்னதில்லை. சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, "சரி சார், வெள்ளிக்கிழமை வரேன். நீ இருப்பல்ல?" என்றாள்.

"இருப்பேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டேன். வாழ்த்துமடலை வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள்.